மூன்று பேரைத் திருப்பி அனுப்பியவர்

"சான்றிதழெல்லாம் சரியா இருக்கும்மா. ஆனா முடிவு என் கையில இல்லை," என்றார் காப்பக நிர்வாகி.

அவளுக்கு இது ஐந்தாவது நேர்காணல். இதுவும் கைநழுவினால் மாமியார் முன்னால் தலைகாட்ட முடியாது.

"வேற யாரு மேடம்?"

"உள்ளே இருக்கார். தினமும் உங்ககூட இருக்கப் போறவராச்சே, அவருக்குப் பிடிக்கணும். இந்த வாரம் மூணு பேரைத் திருப்பி அனுப்பிட்டார்."

"என்ன கேட்பார்?"

"வாயே திறக்க மாட்டார், முறைப்பார். நீங்களா போய்க் குழைஞ்சா ஆகாது. சும்மா உட்காருங்க, அவரா வரட்டும். ஏதாவது நீட்டினா வாங்கிக்குங்க, கேட்டா உடனே திருப்பிக் கொடுங்க. அதை வச்சுத்தான் ஆளை எடை போடுவார்."

"கோபம் வந்தா?"

"நேத்து வந்தவங்க மூக்குக்கண்ணாடி பறந்துச்சு."

அவள் தன் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் பத்திரப்படுத்திவிட்டு உள்ளே போனாள்.

அங்கே மேசையும் இல்லை, நாற்காலியும் இல்லை. பாயில் அமர்ந்திருந்த பத்து மாதக் குழந்தை அவளை முறைத்தது.

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளும் தரையில் உட்கார்ந்தாள். கால் மணி நேரம் கழித்து அது தன் காலுறையைக் கழற்றி, ஒருமுறை சப்பிப் பார்த்துவிட்டு, தவழ்ந்து வந்து நீட்டியது. வாங்கினாள். கை நீண்டது, கொடுத்தாள். மறுபடி வந்தது. பதினெட்டு முறை. பிறகு அவள் மடியில் ஏறிச் சாய்ந்துகொண்டது.

நிர்வாகி எட்டிப் பார்த்தார். "நாளைக்கு எட்டரைக்கு வந்துடுங்க."

அவள் நன்றி சொல்ல எழப்போனாள்.

"அசையாதீங்கம்மா. மேலதிகாரி உங்க மடியில தூங்கிட்டார்."