கூண்டுத் துணி

படத்தின் நெஞ்சுக்கும் துணி ஒட்டியாகிவிட்டது.

அவள் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். படம் அமைந்துவிட்டது. அதை யாரும் வந்து சொல்லத் தேவையில்லை.

முகமும் கைகளும் வண்ணத்தில் தீட்டியவை. மற்றதெல்லாம் துணித்துண்டுகள்.

உடுத்தித் துவைத்து நைந்து, வீட்டில் மூலைக்குப் போன துணியாக இருந்தால்தான் அவள் கத்தரியைத் தொடுவாள். புதுத் துணியோடு வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள். லோமே நகரத்துப் பணக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். இப்போது எங்கள் வீட்டுக் கந்தலை எப்போது எடுத்துக்கொள்வாய் என்று கேட்டு ஆள் அனுப்புகிறார்கள்.

இந்தப் படம் சிமென்ட் வியாபாரி கோம்லானின் உருவம். அறுபது வயது விருந்தில் திரை விலக்குவார்கள். துணிமூட்டையைக் கட்டி அனுப்பியது அவர் மனைவி எஸ்ஸி. ஒரு குடித்தனம் முழுவதும் அந்த மூட்டைக்குள் இருந்தது.

கோம்லான் நேரில் வந்து மூட்டையைக் கிளறினார். பெரிய மனிதர் குனிந்து பழந்துணி பொறுக்குவதை அவள் ரசித்துக்கொண்டிருந்தாள். ஒரு மஞ்சள் துணியை உருவினார். கதவு திறந்த கூண்டு. வெளியே பறக்கும் குருவி. துணி முழுக்க அதே அச்சு.

“இதை நெஞ்சுல வைம்மா. எடுப்பாத் தெரியணும்.”

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அந்த ஊரில் துணிக்குப் பெயர் உண்டு. பெயர் வைப்பவர்கள் சந்தைப் பெண்கள். வாயால் சொல்ல முடியாததைப் பெண்கள் உடுத்திச் சொல்வார்கள். சக்களத்திக்கு ஒரு துணி. மாமியாருக்கு ஒரு துணி. வீடு தங்காத புருஷனுக்கு இந்தக் கூண்டுத் துணி.

அதன் பெயர், ‘நீ வெளியே போனால் நானும் போவேன்’.

சந்தையில் மிளகாய் விற்பவளுக்குக்கூடத் தெரியும். கோம்லானுக்குத் தெரியவில்லை. அவருக்குச் சிமென்ட் தெரியும்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த மஞ்சள் இருந்தால்தான் அந்தக் கறுத்த முகம் எழுந்து நிற்கும் என்று அவள் கைக்குத் தெரிந்துவிட்டது. பொல்லாத கை. வெட்டியது. ஒட்டியது. கூண்டுக் கம்பிகளின் மேல் நீலத்தை இழுத்தது.

விருந்தில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். படம் பேர் வாங்கும்.

வாசலில் டாக்ஸி வந்து நின்றது.

எஸ்ஸி இறங்கினார். டாக்ஸியை அனுப்பவில்லை. பின்சீட்டில் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

விருந்து இந்த வாரக் கடைசியில். பெட்டியோடு எங்கே என்று அவள் கேட்கவில்லை. நகரத்தின் மறுகோடியில் கோம்லானுக்கு இன்னொரு வீடு இருப்பது ஊரறிந்த விஷயம்.

“அக்கா வீட்டுக்குப் போறேன்மா. இனி திரும்பி வர்றதா இல்ல. படத்தை மட்டும் பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன்.”

முகத்தைப் பார்த்தார். பார்த்துச் சலித்த முகம்தானே. கண் கீழே இறங்கியது. நெஞ்சில் நின்றது.

நின்றதுதான். நகரவில்லை.

“இதைக் கட்டிக்கிட்டு எத்தனை தடவை அவர் முன்னாடி போய் நின்னிருப்பேன்,” என்றார். “ஏறெடுத்துப் பாத்ததில்ல. நீ வெச்சியா இதை?”

“இல்லம்மா. அவரே எடுத்தார்.”

உண்மையைத்தான் சொன்னாள். சொன்ன பிறகுதான் எஸ்ஸியின் முகத்தைப் பார்த்தாள்.

அந்த முகம் மலர்ந்துகொண்டிருந்தது.

அவரே எடுத்திருக்கிறார். எடுத்துத் தன் நெஞ்சிலேயே வைக்கச் சொல்லியிருக்கிறார். அதுவும் ஊர் கூடும் விருந்தில். இத்தனை காலம் உடுத்திச் சொன்னதற்கு, கேட்டுக்கொண்டேன் என்று அதே துணியில் பதில் வந்திருக்கிறது. எஸ்ஸி திரும்பி டாக்ஸியைப் பார்த்தார். பெட்டிகளைப் பார்த்தார்.

எஸ்ஸி என்ன நினைத்துக்கொண்டார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

வாயை மூடிக்கொண்டால் போதும். பெட்டிகள் வீட்டுக்குத் திரும்பிவிடும். விருந்தில் எஸ்ஸி புதுப்பெண் போல அவர் பக்கத்தில் நிற்பார். கோம்லான் மறுநாளே மறுகோடி வீட்டுக்குப் போவார்.

அவரிடம் சொல்லாமல் விட்டது படத்துக்காக. இவரிடமும் சொல்லாமல் விட்டால் அது பாவம்.

“அம்மா,” என்றாள். “நிறத்துக்காக எடுத்தார். பேர் அவருக்குத் தெரியாது.”

எஸ்ஸி மறுபடியும் அந்த மஞ்சளைப் பார்த்தார்.

வெளியே டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார்.

“நிறத்துக்காக,” என்றார் எஸ்ஸி.

பிறகு சிரித்தார். முதலில் மெல்ல. அப்புறம் தோள் குலுங்க. கண்ணில் நீர் வரும் வரை சிரித்து, மேல்துணி நுனியால் துடைத்துக்கொண்டார். அது சிரிப்பில் வந்த நீர் மட்டும் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

“வேண்டாம்னா சொல்லுங்கம்மா. இப்பவே உரிச்சிடறேன்.” சொல்லும்போதே அவளுக்கு நெஞ்சு வலித்தது. அவள் போட்ட படங்களிலேயே இதுதான் நல்ல படம்.

“கையை வெச்சே, அப்புறம் இருக்கு உனக்கு!”

எஸ்ஸி தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பினார். ஒரு தடவைகூட அழாதவர் போல நிமிர்ந்து நின்றார்.

“விருந்துக்கு வர்றவங்க எல்லாம் எஸ்ஸி எங்கேன்னு அவரைக் கேப்பாங்க. படத்துக்குப் பக்கத்துலயே நிக்கச் சொல்லு.”