ஓங்கிச் சாத்திய கதவு

ஷோரூம் வாசலில், சங்கரபாண்டியிடம் பதினாறு வருடம் ஓடிய பழைய எஸ்யூவி எக்ஸ்சேஞ்சுக்கு நின்றது. அதன் முதுகில் ஸ்டெப்னி தொங்கியது. பக்கத்தில் அவர் வாங்கிய புது வண்டி.

"உன் ஸ்டெப்னி எங்கே தம்பி?" என்று கேட்டது பழையது.

"இப்ப யாருண்ணே அதைக் கேக்குறாங்க? பெரிய ஸ்கிரீன் இருக்கா, கூரையில கண்ணாடி இருக்கான்னுதான் பாக்குறாங்க."

பழையதுக்குக் குற்றாலம் ஞாபகம் வந்தது. ஸ்டெப்னியில் கால் வைத்து ஏறித்தான் சங்கரபாண்டி கூரையில் மூட்டை கட்டுவார்.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சங்கரபாண்டி புது வண்டியில் ஏறி, கதவைப் படாரென்று அறைந்து சாத்தினார்.

"லேசாத் தள்ளினாலே மூடிக்குவேனே. எதுக்கு இந்த அடி?" என்று முனகியது புதியது.

"என் கதவு அப்படி அடிச்சாத்தான் மூடும். கோவிச்சுக்காதே தம்பி, அது எனக்கு விழுந்த அடி" என்றது பழையது.