பழைய பதிப்பு

"புதுசு வேணாம்மா, பழசுதான் வேணும். ஏழு வருஷத்துக்கு முந்தினது!"

ஸ்பீக்கரில் ஒலித்த குரல் ஓர் ஆஸ்பத்திரியின் கருவிப் பிரிவிலிருந்து வந்தது. குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் மெஷின்கள் அங்கே மூன்று இருந்தன. அவற்றை இயக்கும் புரோகிராமை எழுதுவது இந்த அலுவலகம். நேற்று இவர்கள் அனுப்பிய புதிய பதிப்பை இன்று காலை அங்கே வேறொருவர் ஏற்றியதும் இரண்டு மெஷின்கள் ஒழுங்காக ஓடின. மூன்றாவது, சூட்டைத் தப்புத் தப்பாகக் காட்டிவிட்டு நின்றுபோனது.

"குழந்தை எப்படி இருக்கு சார்?" என்றாள் புரோகிராமர். வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம்.

"நர்ஸம்மா நெஞ்சோட அணைச்சு வச்சிருக்காங்க. மத்த ரெண்டு மெஷின்லயும் குழந்தைங்க இருக்கு. ரொம்ப நேரம் இப்படியே ஓட்ட முடியாதும்மா."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்னால் நின்றிருந்த மேலாளர் அவசரப்படுத்தினார்.

"உன் ஃபோல்டரை அப்படியே ஜிப் பண்ணி அனுப்பிடும்மா. அவங்க தேடி எடுத்துக்கட்டும்."

"அது வேணாம் சார்," என்றது குரல். "அந்தப் பொண்ணு பாதியில விட்ட வேலையெல்லாம் அதுல சேர்ந்து வந்துடும். ரெப்போல இருந்து ஆர்க்கைவ் எடுக்கச் சொல்லுங்க. அன்னைக்கு என்ன பதிவாச்சோ அது மட்டும் சுத்தமா வரும்."

மேலாளர் புருவத்தை உயர்த்தினார். ஸ்குரூடிரைவர் பிடிக்கிற ஆள் என்றல்லவா நினைத்திருந்தார்!

ரெப்போ என்பது அந்தப் புரோகிராமின் எல்லாப் பதிப்புகளும் முதல் நாளிலிருந்தே பத்திரமாக இருக்கும் களஞ்சியம். அதைத் திறந்தவள் மலைத்துப் போனாள். நாலாயிரத்துச் சொச்சம் பதிவுகள்.

"இதுல உங்களுது எதுன்னு எப்படி சார் கண்டுபிடிக்கறது?"

"தேதியைப் பார்த்துத் தேடாதீங்க. முக்கியமான பதிப்புக்கெல்லாம் பேர் வச்சு டேக் போட்டிருப்பாங்க. மெஷின் நம்பரை அடிச்சுப் பாருங்க."

அடித்தாள். ஒரே ஒரு டேக் வந்தது. அதோடு இருந்த குறிப்பை உரக்கப் படித்தாள்.

"மூன்றாம் மெஷினில் இருப்பது பழைய ரக வெப்பமானி. இதற்குப் பிறகு வரும் எந்தப் பதிப்பும் இதற்கு ஒத்துவராது. தெரியாமல் ஏற்றிவிட்டால் பயப்பட வேண்டாம். மெஷினை அணைத்து, பத்து நிமிடம் ஆறவிட்டு, இந்தப் பதிப்பையே திரும்ப ஏற்றவும்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சார், எனக்காகவே யாரோ உட்கார்ந்து எழுதி வச்ச மாதிரி இருக்கு! 'பயப்பட வேண்டாம்'னு கூடப் போட்டிருக்கார். யார் சார் இவர்? கையெடுத்துக் கும்பிடணும்."

மேலாளர் குனிந்து குறிப்பின் கீழே இருந்த பெயரைப் பார்த்தார். முகம் சற்றே சுருங்கியது.

"இந்த ஆளா? இப்ப இங்க இல்லம்மா. மத்தவங்க ஒரு நாள்ல முடிக்கிறதை மூணு நாள் இழுப்பாராம். ஒவ்வொரு மெஷினுக்கும் இப்படிக் கதை எழுதிட்டு இருந்தா? ஆட்குறைப்பு லிஸ்ட்ல முதல் பேரே இவர்தான். முகத்தைக்கூடப் பார்த்ததில்ல, கையெழுத்து மட்டும் போட்டேன்."

அவள் ஸ்பீக்கர் பக்கம் திரும்பினாள்.

"சார், லைன்ல இருக்கீங்களா?" என்றாள் அவள்.

"இருக்கேம்மா. ஆர்க்கைவ் எடுங்க."

டேக்கின் பெயரைக் கொடுத்து ஒரே வரியில் கட்டளை இட்டாள். அன்றைய கோப்புகள் மட்டும் ஒரு ஜிப்பாக வந்து விழுந்தன.

"அனுப்பறதுக்கு முன்னாடி வேற ஒரு ஃபோல்டர்ல பிரிச்சுப் பாருங்க. எல்லாம் இருக்கா? நல்லது. இப்ப அனுப்புங்க. அவசரமே இல்ல, நிதானமா."

அனுப்பினாள். மறுமுனையில் மெஷினை அணைத்து, ஆறவிட்டு, பழைய பதிப்பை ஏற்றினார்கள். அலுவலகத்தில் யாரும் நாற்காலியில் உட்காரவில்லை. மேலாளர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"சூடு ஏறுது... முப்பத்தஞ்சு... முப்பத்தாறு... நின்னுடுச்சும்மா. ஆடாம அசையாம நிக்குது. குழந்தையை உள்ள வச்சுட்டாங்க. நல்லாத் தூங்குது."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

மேலாளர் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார்.

"சார், மனசார சொல்றேன். பதற்றமே இல்லாம எங்க பொண்ணுக்கு ஒண்ணொண்ணா எடுத்துச் சொன்னீங்க பாருங்க, உங்களை மாதிரி ஒருத்தர்தான் எங்களுக்கு வேணும். எங்ககிட்ட வேலைக்கு வந்துடுங்களேன்!"

மறுமுனையில் கோபமே இல்லாத ஒரு சிரிப்பு கேட்டது.

"வந்திருந்தேனே சார். ரொம்ப மெதுவா வேலை பார்க்கறேன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பினீங்க!"