இடது தோள்

மாரிக்கனிக்குக் காலையிலிருந்தே இடது தோள் விண்விண்ணென்று தெறித்தது. பள்ளிக்கூடச் சட்டைக்கு அளவெடுத்த தையல்காரர் ஜெயசீலன் நாடாவை மறுபடி போட்டுப் பார்த்தார்.

"நேரா நில்லு பாப்பா."

"நேராத்தாண்ணே நிக்கேன்."

"இடது தோளு எறங்கிக் கெடக்கே. என்னத்தச் சொமக்க?"

"எங்கப்பாவ."

"பெரிய மூட்டைதான்!" என்று துணி வாங்க வந்தவர் சிரித்தார். ஜெயசீலன் சிரிக்கவில்லை. "வளர்ற வயசு. தோளை மாத்திக் குடு. இல்லேன்னா இப்படியே நின்னுபோகும்."

சாயங்காலம் பிராந்திக்கடை வாசலில் கிடந்த அப்பாவை எழுப்பி, முதல் தடவையாக வலது தோளைக் கொடுத்தாள். கல் உடைத்த உடம்பு. பழகிய பக்கமே சாய்ந்தது. அங்கே அவள் இல்லை. அவளையும் இழுத்துக்கொண்டு சாக்கடையோரம் விழுந்தார். "ஏட்டி, எந் தோளு எங்க?" என்று மண்ணைத் துழாவினார்.

மாரிக்கனி பழையபடி இடது தோளைக் கொடுத்தாள். கை வாகாக உட்கார்ந்ததும் அப்பாவுக்குப் பாசம் பொங்கிவிட்டது. "வர்ற தேருக்கு ஒன்னைத் தோள்ல தூக்கிட்டுப் போறேன் தாயி."

அவளுக்குப் பால்பல் விழாத வயதிலும் இதையேதான் சொன்னார். அவளை ஒரே ஒருமுறை தோளில் தூக்கிப்போக வேண்டிய அந்தக் கடன் இன்னும் அப்படியே நின்றது.