ஈயம் கலந்த ஆறு

ஆந்திராவா மதராஸா என்று எல்லை முடிவாகாத காலம். சத்தியவேடு பக்கத்து ஊரில், திருப்பதி கல்லூரி ரசாயன ஆசிரியை வஸுமதி ஆற்றுநீரைச் சோதித்தார். ஈயம் பட்டால் சிவக்கும் பச்சை மருந்து தினமும் சிவந்தது. ஈயம் இருக்கிறது, குடிக்காதீர்கள் என்று ஊராரிடம் சொன்னார்.

ஒரு காலை, ஊர்ப்பெண் அம்சவேணியின் ஒரு வயது மகள் தாயின் கையிலிருந்து நழுவி ஆற்றில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு மேற்புறம் எடுத்த நீரில் மருந்து சிவந்தது. கீழ்ப்புறத்து நீரில் பச்சையாகவே இருந்தது. அவளைத் தூக்கியதும் அங்கேயும் சிவந்தது.

"டீச்சரம்மா, கொயந்தைக்கு இன்னா ஆவும்?" அம்சவேணி கேட்டாள்.

வஸுமதி குழந்தையின் ரத்தத்தைச் சோதித்துவிட்டு வந்தார். "ஒண்ணும் ஆகலைம்மா. துளி ஈயம்கூட இல்லை."

மறுநாள் காலை ஊரே குடங்களோடு கீழ்ப்புறம் நின்றது. மேற்புறம் ஆற்றில் உட்கார்ந்து குழந்தை சிரித்துச் சிரித்துத் தண்ணீரைக் காலால் அடித்துக்கொண்டிருந்தாள்.