பம்பு சுட்டது

என் ஸ்டாண்டில் சைக்கிளை விட்டுவிட்டுத்தான் எல்லோரும் பட்டாசு கம்பெனி வேனில் ஏறுவார்கள். சவரியப்பன் இருந்தவரை, தன்னோடு ஒரே ரூமில் மருந்து அடைக்கிறவர்களின் டயர்களுக்கெல்லாம் என் பேட்டரி பம்பில் அவனே காற்றடித்து வைப்பான். அந்த ரூம் வெடித்ததில் அவனையும் சேர்த்து நான்கு பேரும் போய்விட்டார்கள்.

இன்று மதியம் பம்பைத் தொட்டேன். சுட்டது. நான் அதை எடுக்கவே இல்லை. அதே கம்பெனிக்குப் போகிற மாரிசெல்வி காலையில் காற்றில்லாமல் தள்ளிக்கொண்டு வந்த சைக்கிளின் டயர் கல் மாதிரி இருந்தது. அதில் வெள்ளி மருந்துப் பொடியின் விரல் தடங்கள்.

சாயங்காலம் வேனிலிருந்து அவள் இறங்கினாள்.

"எந்த ரூம்மா ஒனக்கு?"

"நாளையிலருந்து சவரியண்ணன் ரூம்ணே. புதுசாக் கட்டிட்டாக."

போகாதே தாயி என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் பம்பு தானாக ஓடத் தொடங்கியது. அடுத்த சைக்கிளின் டயர் மெல்ல உப்பியது.