தொட்டிக்கு அடியில் ஒரு சத்தம்

சத்தம் மீன் தொட்டிக்குள்ளிருந்து வரவில்லை. அதற்கு அடியில் இருந்த மரப்பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

போன வாரம் வாங்கிய ஏர் பம்பைத் திருப்பிக் கொடுக்க வந்த இப்ராஹீம், அதைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"சத்தம் பத்தலைன்னு பம்பத் திருப்பிக் கொண்டாந்த மொத ஆளு நீங்கதான் பாய்," என்றான் கடைக்காரன் பாண்டியராஜன்.

"இதுக்குள்ள என்ன ஓடுது தம்பி?"

"அதுவா, சம்ப்பு. வீட்டுல தண்ணி தேக்க நெலத்துக்கடியில கட்டுதோம்லா, அதே மாதிரிதான். மேல் தொட்டித் தண்ணி இதுல வந்து விழும், சுத்தமாவும், மோட்டாரு திரும்ப மேல ஏத்திரும். கடல் மீனுக்கு இது இல்லாம ஆவாது."

பெட்டியின் கதவைத் திறந்து காட்டினான். அறை அறையாகத் தடுத்த கண்ணாடித் தொட்டி. குழாய் வழியே இறங்கிய தண்ணீர் முக்கி முனகி, குமிழி விட்டு விழுந்துகொண்டிருந்தது.

"கடலே இல்லாத சங்கரன்கோவில்ல கடல் மீன் விக்கேன். எம் பொண்டாட்டி என்னைய லூசுங்கா. நீங்களாவது ஒண்ணு வாங்குனா அவ வாய அடைச்சிருவேன்."

இப்ராஹீம் சிரிக்கவில்லை. குமிழிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.

மைமூனம்மாள் மௌத்தானதிலிருந்து அவருக்கு உறக்கமில்லை. மனைவி போன வீடு காதடைத்துக் கிடந்தது. வெளியே விசைத்தறிகள் ஓடத்தான் செய்தன. அது தெருவின் சத்தம். வீட்டுக்குள் வந்து உட்காராது.

"சவூதி ஏசிக்குக் கீழ படுத்துப் பழகுன ஒடம்புல்லா அத்தா, சத்தமில்லாம ஒங்களுக்கு எப்படி ஒறக்கம் வரும்?" என்று கடையநல்லூரில் கட்டிக்கொடுத்த மகள் பஸீலா முதலில் கேலி செய்தாள். அவர் முகம் ஒடுங்கிக்கொண்டே போனதும் கேலியை விட்டாள். பெருநாள் கழிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள்.

மைமூனம்மாள் படுத்திருந்த அறையைப் பூட்ட அவரால் முடியாது. அதில் கண்ணயரவும் முடியாது. அதற்காகத்தான் சின்னத் தொட்டியும் ஏர் பம்பும் வாங்கிப் பார்த்தார். அது கொசுவைப் போல ரீங்கரித்ததோடு சரி.

இது அப்படியில்லை. அடியில் கனமாக ஓர் உறுமல். அதன்மேல் குமிழிகள்.

"புதுசா வளக்கவங்களுக்கு இது தோதுப்படாது பாய், எரைச்சல் ஜாஸ்தி. இந்தா, இதப் பாருங்க." பாண்டியராஜன் பக்கத்துப் பெட்டியைத் திறந்தான். "கொழாயில காத்தே ஏறாது. தலமாட்டுல வச்சாலும் ஓடுதா இல்லையான்னு தெரியாது."

இப்ராஹீமின் முகம் சுருங்கியது. "அது வேண்டாம் தம்பி. இதுலயே அந்தக் கொழாய் வால்வைக் கொஞ்சம் கொறை."

அவன் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் திருகினான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் என்று விரல்களால் காற்றில் திருகிக் காட்டினார்.

"ம். அங்கனயே நிறுத்து."

எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்டான். அவருக்கு அளந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. கட்டிலின் தலைமாட்டில், சுவரோரம், சக்கரங்கள் நின்ற தடம் தரையில் இன்னும் இருக்கிறது. கையை விரித்து அகலம் காட்டினார்.

"அம்புட்டுதானா? பெரிய மீனு ஒண்ணும் விட முடியாதே."

"மீன் வேண்டாம்."

"மீனு இல்லாம வெறும் உப்புத் தண்ணிய வச்சு என்ன பாய் செய்யப் போறிய?"

பதில் வருமுன் கரண்ட் போனது. தெருவில் தறிகள் மொத்தமாக அடங்கின. பெட்டிக்குள் குமிழி நின்றது.

"இதத்தான் பாய் முக்கியமா கவனிக்கணும். கரண்ட் போச்சுன்னா மேல உள்ள தண்ணியில கொஞ்சம் கீழ எறங்கும். அதுக்குத்தான் சம்ப்ப எப்பவும் பாதி காலியா வைக்கணுங்கது. இல்லைன்னா தரையெல்லாம்…"

பாண்டியராஜன் பேச்சை நிறுத்தினான். இப்ராஹீம் தரையில் முழங்காலிட்டிருந்தார். அவருடைய இடது கை பெட்டிக்கும் சுவருக்கும் இடையே நுழைந்து எதையோ பதறித் தேடிக்கொண்டிருந்தது.

வீட்டில் சிலிண்டர் சாவி அங்கேதான் தொங்கும்.

கரண்ட் போனால் ஆக்சிஜன் மெஷின் நிற்கும். அதில் மாட்டிய தண்ணீர் பாட்டில் குமிழி விடுவதை நிறுத்தும். அடுத்த நொடியே எழுந்து, சாவியைப் போட்டு சிலிண்டரைத் திறந்து, மைமூனம்மாளின் மூக்குக் குழாயை அதில் மாற்ற வேண்டும். எத்தனை ஆழ்ந்த உறக்கத்திலும் அந்த அமைதி அவரை எழுப்பிவிடும். ஒரு தடவைகூடக் கை தவறியதில்லை.

சக்கரம் வைத்த வாடகை மெஷின் அது. மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதுமுன்பே எடுத்துக்கொண்டு போக வந்துவிட்டார்கள். இங்கேயே இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தார். ராயகிரியில் ஒருவர் மூச்சுவிட அதற்காகக் காத்திருப்பதாகச் சொன்னார்கள். அவரே ஒரு பக்கம் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டார்.

"பயப்படாதிய பாய். கரண்ட் போனா மீனு ஒடனே சாவாது," என்றான் பாண்டியராஜன்.

கரண்ட் வந்தது. தறிகள் தொடங்கின. மோட்டார் உறுமியது. குழாய் முனகி, முதல் குமிழியை விட்டது.

இப்ராஹீம் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தார். தோள்கள் இறங்கின. அந்தச் சத்தம் கேட்கிற வரை அவள் இருக்கிறாள் என்று நம்பிப் பழகிய உடம்பு.

"இதையே போட்டுரு தம்பி."

மைமூனம்மாள் போன அன்று கரண்ட் போகவில்லை.

தேயிலைத் தம்ளரோடு அவர் உள்ளே போய்த் தொட்டு எழுப்புகிற வரை, பாட்டில் குமிழி விட்டுக்கொண்டேதான் இருந்தது.